ஆலிஸ் சீட்டுக்கட்டு: கேட்டு வாங்கும் ஆட்டம் எப்படி நடக்கிறது?

‘ஆலிஸின் அற்புத உலகம்’ என்ற ஆங்கிலச் சிறுவர் கதையை வைத்துச் செய்த ‘ஆலிஸ் சீட்டு’ என்றதும் பலர் நினைப்பது, வழக்கமான 52 சீட்டுக் கட்டில் ராஜா ராணி இருக்கும் இடத்தில் ஆலிஸ் படம் போட்டிருப்பார்கள் என்று. இன்னும் சிலர், அது கதையைப் படம் படமாக வெட்டி வைத்த ஒரு படப்புத்தகம் என்று நினைக்கிறார்கள். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் பிள்ளைகள் விளையாடிய ஆலிஸ் சீட்டாட்டம் இந்த இரண்டிலும் சேராது. அதில் ஆட்டின், கிளாவர் போன்ற சீட்டுச் சின்னங்கள் கிடையாது. கதையை வரிசையாகச் சொல்லவும் அது முயல்வதில்லை.

மூன்றாவதாக ஒரு நினைப்பும் உண்டு. “சின்னப் பிள்ளைகள் ஆட்டம்தானே, கைக்கு வந்த சீட்டுதான் எல்லாம்.” எனக்கு இதுதான் அதிகம் மனத்தாங்கல். அந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு ஒரு பங்கு இருப்பது உண்மைதான். ஆனால் ஆட்டத்தை நடத்துவது வேறொன்று. அது என்ன என்பதை, சீட்டே ஆடாதவருக்கும் புரியும்படி இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

கதை, இரண்டு பத்தியில்

1862 ஜூலை 4 அன்று, ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு வாத்தியாராக இருந்த சார்லஸ் டாட்ஜ்சன், லிடெல் வீட்டுச் சிறுமிகள் மூவரைப் படகில் கூட்டிக்கொண்டு போனார். வழியில் அவர்களுக்காக ஒரு கதையை இட்டுக்கட்டிச் சொன்னார். நடுச் சிறுமியின் பெயர் ஆலிஸ். லூயிஸ் கேரல் என்ற புனைபெயரில் 1865-இல் அது புத்தகமாக வந்தது. ஜான் டென்னியல் அதற்கு 42 படங்கள் வரைந்தார். முயல் வளைக்குள் விழும் ஆலிஸ், சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு மறையும் செஷயர் பூனை, தேநீர் விருந்தில் தூங்கி வழியும் டார்மவுஸ் என்ற சின்ன எலி, “தலையை வெட்டு!” என்று கத்தும் ஆட்டின் ராணி எல்லாம் இன்று உலகத்தின் கண்ணில் டென்னியல் வரைந்த உருவத்தில்தான் இருக்கின்றன.

அந்தக் கதைக்குள்ளேயே ஒரு சீட்டுக்கட்டு உயிரோடு நடமாடுகிறது. ஸ்பேடு சீட்டுகள் தோட்டக்காரர்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் ஸ்பேடு என்றால் மண்வெட்டி. கிளாவரை ஆங்கிலத்தில் கிளப் என்பார்கள், கிளப் என்றால் தடி. ஆகவே அவர்கள் சிப்பாய்கள். வெள்ளை ரோஜாச் செடியைத் தவறாக நட்டுவிட்டு, ராணிக்குப் பயந்து பூவுக்குச் சிவப்புச் சாயம் பூசும் மூன்று தோட்டக்காரர்கள் ரெண்டு, அஞ்சு, ஏழு. கடைசியில் ஆலிஸ் “நீங்கள் வெறும் சீட்டுக்கட்டுதானே!” என்று சொன்னதும் மொத்தக் கட்டும் பறந்து அவள் மேல் விழுகிறது. இதனால்தான் ஆலிஸ் சீட்டு என்றால் 52 சீட்டுக் கட்டு என்ற குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன். கதைக்குள் இருப்பது அந்தக் கட்டு. கதையை வைத்துச் செய்த ஆட்டம் வேறு கட்டு.

உறைமோர் கேட்பது போல

இனி ஆட்டம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “அக்கா, உறை ஊத்தக் கொஞ்சம் மோர் இருக்கா?” என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்டது ஒரு கரண்டி மோர். ஆனால் அந்த அக்காவுக்கு இரண்டு விஷயம் தெரிந்துபோயிற்று. உங்கள் வீட்டில் பால் காய்ச்சி வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் மோர் தீர்ந்துவிட்டது. அக்கா “எங்க வீட்லயும் இல்லையேம்மா” என்றால், மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மூன்றாவது வீட்டுக்காரருக்கு அக்கா வீட்டு நிலவரமும் தெரிந்துவிடும்.

கேள்வி ஒன்று. அதிலிருந்து வெளியே போன செய்தி மூன்று. ஆலிஸ் சீட்டு போன்ற ஆட்டங்களின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ரம்மி ஆடியவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். ரம்மியில் மூன்று ஏழு சேர்த்தால் ஒரு செட். அதேபோல இங்கேயும் சேர்க்க வேண்டும், ஆனால் எண்ணுக்குப் பதில் கதைமாந்தர்கள். ஒன்றோடொன்று சேர வேண்டிய சீட்டுகளின் கூட்டத்தைத் தொகுப்பு என்று வைத்துக்கொள்வோம். தேநீர் விருந்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு தொகுப்பு, சீமாட்டியின் அடுக்களையில் இருப்பவர்கள் இன்னொன்று. அதிகத் தொகுப்பு சேர்த்தவர் ஜெயித்தார்.

ரம்மிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், சீட்டு வரும் வழி. ரம்மியில் நடுவில் கவிழ்த்து வைத்த கட்டிலிருந்து எடுக்கிறோம், யாரிடமும் வாய் திறந்து கேட்பதில்லை. இங்கே எதிராளியின் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதனால் இதைக் கேட்டு வாங்கும் ஆட்டம் என்றே அழைக்கிறேன்.

விதிகள் கொஞ்சம்தான்

பழைய கட்டுகளில் கட்டுக்குக் கட்டு சில்லறை விதிகள் மாறும். இந்த வகை ஆட்டத்துக்கு அடிப்படையாக இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

சீட்டு முழுவதையும் எல்லோருக்கும் பிரித்துப் போட்டுவிட வேண்டும். உங்கள் முறை வந்தால் ஒருவரைப் பார்த்து ஒரு சீட்டைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். அவரிடம் இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும், நீங்கள் மறுபடி கேட்கலாம். இல்லையென்றால் முறை அவருக்குப் போய்விடும்.

இனி முக்கியமான விதி. ஒரு தொகுப்பில் ஒரு சீட்டாவது உங்கள் கையில் இருந்தால்தான் அந்தத் தொகுப்பின் மற்றச் சீட்டுகளைக் கேட்கலாம். கையில் இருக்கும் சீட்டையே கேட்கவும் கூடாது. இதைக் கைப்பிடி விதி என்று சொல்லிக்கொள்கிறேன். புதிதாக ஆடுகிறவர்கள் இதை ஒரு சின்னக் கட்டுப்பாடு என்று எண்ணிக் கடந்து போவார்கள். உண்மையில் இதை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றால், கேள்வியிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. பால் இல்லாத வீட்டுக்காரரும் உறைமோர் கேட்கலாம் என்று ஆகிவிடும்.

இதுவரை: தொகுப்பு சேர்க்க வேண்டும். சேர்க்கப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பதே உங்கள் கையில் உள்ளதைக் கொஞ்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓர் ஆட்டம், பக்கத்தில் உட்கார்ந்து

போன கோடை விடுமுறையில் அக்கா பிள்ளைகள் யாழினியும் கபிலனும் வந்திருந்தபோது நாங்கள் ஆடிய ஓர் ஆட்டத்தை அப்படியே சொல்கிறேன். 12 சீட்டு, மூன்று தொகுப்பு, ஆளுக்கு நாலு சீட்டு.

தேநீர் விருந்துத் தொகுப்பில் ஆலிஸ், தொப்பிக்காரர், மார்ச் முயல், டார்மவுஸ். அடுக்களைத் தொகுப்பில் சீமாட்டி, சமையல்காரி, பன்றிக்குட்டியாக மாறும் குழந்தை, செஷயர் பூனை. அரசவைத் தொகுப்பில் ராஜா, ராணி, ஜாக், வெள்ளை முயல்.

என் கையில் தொப்பிக்காரர், பூனை, ராஜா, ராணி. மற்ற இருவர் கையில் என்ன என்பது எனக்குத் தெரியாது.

யாழினிக்கு எட்டு வயது, அவள்தான் தொடங்கினாள்.

“அண்ணா, உன்கிட்ட தொப்பிக்காரர் இருக்கா?”

“இல்லையே.”

ஒரு சீட்டும் கை மாறவில்லை. ஆனால் கபிலன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு உடனே புரிந்துவிட்டது. தொப்பிக்காரர் அவனிடம் இல்லை. கேட்டவளிடமும் இருக்க முடியாது, கைப்பிடி விதி அப்படி. மூன்று பேரில் இருவர் போனால் மீதி நான்.

“சித்தி, தொப்பிக்காரரைக் குடுங்க.”

கொடுத்தேன். இருக்க முடியாத இடங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, மிஞ்சும் இடத்தைப் பிடிப்பதற்குக் கழித்தறிதல் என்று பெயர். கபிலன் செய்தது அதுதான்.

அவன் நிறுத்தவில்லை. யாழினி தேநீர் விருந்துச் சீட்டைக் கேட்டாளென்றால் அவளிடம் அந்தத் தொகுப்பில் ஒன்றாவது இருக்க வேண்டும். “யாழினி, மார்ச் முயல்?” கிடைத்தது. பிறகு என்னிடம் திரும்பினான். “சித்தி, டார்மவுஸ்?” என்னிடம் இல்லை. முறை எனக்கு வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். டார்மவுஸ் என்னிடம் இல்லை. கேட்ட கபிலனிடமும் இல்லை. ஆக, யாழினியிடம். அடுத்தது ஆலிஸ். கபிலன் முதன்முதலில் தொப்பிக்காரரைக் கேட்டபோதே அவன் கையில் விருந்துச் சீட்டு ஒன்று இருந்திருக்க வேண்டும். அது தொப்பிக்காரர் இல்லை, மார்ச் முயலும் இல்லை, டார்மவுஸும் இல்லை, ஏனென்றால் மூன்றையும் அவனே கேட்டுவிட்டான். மிஞ்சுவது ஆலிஸ். ஆலிஸ் என்ற பெயரை அதுவரை யாரும் உச்சரிக்கவே இல்லை. ஆனாலும் அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்பதைச் சந்தேகமில்லாமல் சொல்லிவிடலாம். முதல் தடவை இது பிடிபட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தெரிந்தும் எனக்குப் பயனில்லை. தொப்பிக்காரரைக் கொடுத்த பிறகு விருந்துத் தொகுப்பில் என் கை காலி. கைப்பிடி விதி கதவைச் சாத்திவிட்டது. நான் அரசவைப் பக்கம்தான் போக முடியும். யாழினியிடம் ஜாக் கேட்டேன், கொடுத்தாள். ராஜா, ராணி, ஜாக் சேர்ந்தாயிற்று. வெள்ளை முயல் ஒன்றுதான் பாக்கி. மறுபடி யாழினியிடமே கேட்டேன்.

“இல்ல சித்தி.”

முறை அவளுக்கு. அண்ணன் பக்கம் திரும்பி ஒவ்வொன்றாகக் கேட்டாள். தொப்பிக்காரர். மார்ச் முயல். பிறகு ஒரு நொடி கண்ணை மூடி விரல் விட்டு எண்ணிவிட்டு, ஆலிஸ். டார்மவுஸோடு சேர்த்து நாலையும் தரையில் பரப்பி வைத்தாள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து கபிலன் கஷ்டப்பட்டுச் சேர்த்த தொகுப்பு, அதில் ஒரே ஒரு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சேர்ந்தது.

நான் எங்கே தவறினேன்

ஜாக்கை வாங்கிய பிறகு யார் கையில் எத்தனை சீட்டு என்று நான் எண்ணியிருக்க வேண்டும். யாழினி நாலில் இரண்டைக் கொடுத்துவிட்டாள், மீதி இரண்டு. அதில் ஒன்று டார்மவுஸ் என்று தெரியும். ஆக, எனக்குத் தெரியாத சீட்டு அவளிடம் ஒன்றுதான். கபிலன் நாலோடு இரண்டு சேர்த்து ஆறு வைத்திருந்தான். அதில் தொப்பிக்காரர், மார்ச் முயல், ஆலிஸ் மூன்றும் தெரிந்தவை. தெரியாதவை மூன்று.

இடம் தெரியாமல் இருந்தவை மொத்தம் நாலு சீட்டு: சீமாட்டி, சமையல்காரி, குழந்தை, வெள்ளை முயல். அந்த நாலில் மூன்று கபிலனிடம், ஒன்று யாழினியிடம். எனவே வெள்ளை முயல் கபிலனிடம் இருக்க நாலுக்கு மூன்று பங்கு வாய்ப்பு. நான் நாலுக்கு ஒரு பங்கு உள்ள இடத்தில் போய்க் கேட்டேன். இப்படி, உறுதியாகத் தெரியாதபோது எந்தப் பக்கம் எவ்வளவு கனம் என்று எடைபோடுவதை வாய்ப்புக் கணக்கு என்கிறோம்.

அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது என்பது இப்போது தெளிவாகும். சீட்டு பிரிக்கும்போது இருக்கிறது. கழித்தறிய முடியாத இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆட்டத்தின் பின்பாதியில், கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு எல்லாச் சீட்டும் திறந்து வைத்தது போலத்தான். “சின்னப் பிள்ளைகளே ஜெயித்துவிடுகிறார்களே, அப்படியானால் அதிர்ஷ்டம்தான்” என்பார்கள். பிள்ளைகள் ஜெயிப்பது, மற்றவர்கள் கேட்கும்போது அவர்கள் போனைப் பார்ப்பதில்லை என்பதால்.

அப்படியானால் கதை எதற்கு?

நியாயமான கேள்வி. இதே ஆட்டத்தை வெறும் 12 எண்களை வைத்தும் ஆடலாமே?

ஆடலாம். ஆனால் நினைவில் நிற்காது. “ஸ்பேடு ஆறு யாரிடம் போனது?” என்று அரை மணி கழித்துக் கேட்டால் தடுமாறுவோம். “தூங்குமூஞ்சி டார்மவுஸ் யாரிடம்?” என்றால் பதில் வந்துவிடும். அதற்கு ஒரு முகம் இருக்கிறது, தேநீர்ச் சட்டிக்குள் அதைத் தலைகீழாகத் திணிக்கும் காட்சி இருக்கிறது. இந்த ஆட்டம் கேட்பதெல்லாம் நினைவாற்றலைத்தான். கதை அந்த நினைவுக்கு மாட்டி வைக்க ஓர் ஆணி அடித்துக் கொடுக்கிறது.

தொகுப்புகளையும் கதையே பிரித்துக் கொடுக்கிறது. சமையல்காரியும் செஷயர் பூனையும் ஏன் ஒன்று என்று பிள்ளைக்கு விளக்க வேண்டாம். அடுப்பிலிருந்து கிளம்பும் மிளகுத் தூளில் எல்லோரும் தும்மிக்கொண்டிருக்க, சமையல்காரி சட்டி பானையைத் தூக்கி எறிய, பூனை மட்டும் இளித்துக்கொண்டு கிடக்கும் அந்த அடுக்களையைப் படித்த பிள்ளைக்கு அது தெரியும். கதை தெரியாத பிள்ளையும் ஆடலாம், சீட்டில் தொகுப்பின் பெயரை எழுதிவிட்டால் போதும். ஆனால் இரண்டு ஆட்டம் முடிவதற்குள் அந்தப் பிள்ளை “இந்தக் குழந்தை ஏன் பன்றி ஆச்சு?” என்று கேட்கும். யாழினி அப்படித்தான் புத்தகத்துக்கு வந்தாள்.

சுருக்கமாக: ஆட்டத்தின் எந்திரம் கேள்வியும் கழித்தறிதலும். கதை அந்த எந்திரத்துக்கு எண்ணெய்.

இந்த வகை ஆட்டம் எங்கிருந்து வந்தது

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், பக்தி மிகுந்த குடும்பங்களில் சீட்டுக்கட்டு என்றால் சூதாட்டம். பிள்ளைகள் கையில் ராஜா ராணி சீட்டைக் கொடுக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் எண்ணும் சின்னமும் இல்லாத படச்சீட்டு வந்து உட்கார்ந்தது. 1843-இல் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரில், ஆன் ஆபட் என்ற பெண்மணி உருவாக்கிய ‘டாக்டர் பஸ்பி’ வெளிவந்தது. குடும்பம் குடும்பமாகச் சேர்க்கும் ஆட்டம் அது. 1861-இல் அதே ஊரிலிருந்து எழுத்தாளர்களின் பெயரையும் நூல்களையும் வைத்து ‘ஆத்தர்ஸ்’ வந்தது.

இங்கிலாந்தில் ஜாக்ஸ் நிறுவனம் 1851 வாக்கில் ‘ஹாப்பி ஃபேமிலீஸ்’ கொண்டுவந்தது. ரொட்டிக்காரர் பன், கறிக்கடைக்காரர் போன்ஸ், புகைக்கூண்டு துடைக்கும் சூட் என்று குடும்பங்கள். அப்பா, அம்மா, மகன், மகள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு குடும்பம். கேட்பதிலும் ஒரு மரியாதை உண்டு. சீட்டு இல்லையென்றால் “வீட்டில் இல்லை” என்று சொல்ல வேண்டும். அந்தச் சீட்டுகளின் படங்களில் டென்னியலின் கை இருப்பதாகவே காலகாலமாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே ஆலிஸ் வந்தபோது எந்திரம் தயாராக இருந்தது. லூயிஸ் கேரலுக்கும் சீட்டு புதிதல்ல. ஆலிஸ் கதை பிறப்பதற்கு முன்பே, 1860-இல், ‘கோர்ட் சர்க்குலர்’ என்று தானே ஒரு சீட்டாட்டத்தை உருவாக்கி விதிகளை அச்சிட்டவர் அவர். அவர் 1898 ஜனவரியில் காலமானார். அதையொட்டிய காலத்தில் லண்டனின் டி லா ரூ நிறுவனம் ஆலிஸ் ஆட்டத்தை வெளியிட்டது. 48 சீட்டு. கேரலின் தோழியான ஓவியர் கெர்ட்ரூட் தாம்சன், டென்னியலின் படங்களைச் சீட்டின் அளவுக்கு ஏற்ப வண்ணத்தில் திரும்ப வரைந்தார். அச்சில் டி லா ரூ சாதாரணப்பட்டவர்கள் அல்ல. 1855-இலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவின் தபால் தலைகளை அச்சிட்டு அனுப்பியவர்கள் அவர்கள்தான். நம் கொள்ளுத்தாத்தாக்கள் கடிதத்தில் ஒட்டிய ராணித் தலை வந்த அதே அச்சகத்திலிருந்துதான் ஆலிஸும் வந்தாள்.

பழைய கட்டு கைக்குக் கிடைப்பவர்கள் முதலில் சீட்டை எண்ணுவார்கள், ஒன்று குறைந்தால் மனம் உடைந்துபோவார்கள். ஆடுவதற்கு அது தடையே இல்லை. காணாமல் போன சீட்டின் தொகுப்பை மொத்தமாக எடுத்து ஓரமாக வையுங்கள். மிச்சத் தொகுப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே முழுமையானவை, ஆட்டம் குறைவில்லாமல் நடக்கும்.

முதுகு முக்கியம்

நாங்கள் ஆடியது பழைய கட்டு இல்லை. பீரோவில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, அச்சில்லாத பக்கத்தில் பிள்ளைகள் பென்சிலால் வரைந்தார்கள். கபிலன் போட்ட செஷயர் பூனைக்குப் பல் முப்பதுக்கு மேல்.

முதல் நாள் ஆட்டம் ஐந்தே நிமிடத்தில் குட்டிச்சுவராகிப் போனது. பத்திரிகையின் பிள்ளையார் பாதியாக வெட்டுப்பட்டு டார்மவுஸின் முதுகில் இருந்தார். ராணியின் முதுகில் தங்க எழுத்தில் ‘சுபமுகூர்த்த’ வரை ஓடியது. யாரிடம் எது என்று கேட்கவே வேண்டாம், முதுகைப் பார்த்தாலே போதும். கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சீட்டே சொல்லிவிட்டால் அப்புறம் கழிக்க என்ன இருக்கிறது? பழைய கட்டுகளின் பின்பக்கம் எல்லாச் சீட்டுக்கும் ஒன்றுபோல இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்று மாலையே பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை 12 துண்டாக வெட்டி, மைதா பசை காய்ச்சி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டி, மேலே நாலு தலையணையை வைத்து அழுத்திவிட்டோம். காலையில் எடுத்தபோது சீட்டுகள் லேசாக வளைந்திருந்தன. யாழினி அவற்றை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இப்ப தெரியல சித்தி. பிரிங்க,” என்றாள்.